பாதிச் சண்டையில் கால் கழுவப் போனவன்

அந்தக் காய்கறி மொத்தச் சந்தையில் அவனுக்குப் பெயர் மண்டை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். சண்டை என்று வந்தால் அவன் கையை ஓங்குவதில்லை. எதிரில் நிற்பவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுப்பான், நெற்றியால் ஒரே முட்டு. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவன் உடைத்த மூக்குகள் சந்தை முழுக்கக் கோணலாக நடமாடிக்கொண்டிருந்தன.

மூட்டை இறக்குவதுதான் தொழில். வெங்காய வரிசைக்கு வருகிற லாரிகள் மண்டையின் ஆட்களுக்கு, அடுத்த வரிசை லாரிகள் ஊசியின் ஆட்களுக்கு என்று ஒரு பேச்சு இருந்தது. ஊசி ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டான். மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பான். எந்த லாரி எந்த வரிசைக்கு என்பதில் வாரம் தவறாமல் தகராறு வரும். தகராறு வந்தால் ரத்தம் வரும்.

ஊருக்கே காய் சுமந்தவன் வாயில் ஒரு காய் போனது கிடையாது. காலையில் சர்க்கரை தூக்கலாகத் தேநீரும் வெள்ளை ரொட்டியும். பசி எடுக்கும்போதெல்லாம் எண்ணெயில் பொரித்தது ஏதாவது. மதியம் குன்று மாதிரி வெள்ளைச் சோறு, மேலே வறுத்த கறி. நடு நடுவே கலர் சோடா. மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பான், ஒரே மூச்சில் காலி செய்வான், பாட்டிலைச் சுவரில் அடிப்பான். கீரைக்கட்டைச் சுமந்து போகும்போது யாராவது கேலி செய்தால், "தழை திங்கிறதுக்கு நான் என்ன ஆடா?" என்பான். சிரிக்காதவனை முறைப்பான்.

ஒரு மதியம் உருளைக்கிழங்கு லாரியை ஊசியின் ஆட்கள் மடக்கினார்கள். மண்டை இரண்டு பேரை முட்டிச் சாய்த்தான். மூன்றாவது ஆள் அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தபோது பெட்டிகளை எட்டி உதைத்தான். பெட்டிகள் சிதறின. ஒளிந்தவனின் விலா எலும்பு நொறுங்கியது. மண்டை சோடா குடித்துவிட்டு விசிலடித்தபடி வீட்டுக்கு நடந்தான்.

அவன் மனைவி தையல் ஆலையில் சட்டைக்குக் கழுத்துப்பட்டை தைப்பவள். அவன் உள்ளே வந்ததும் தரையில் ஒன்று விட்டு ஒன்றாகச் சிவப்புத் தடம் விழுவதைப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரோட ரத்தம்?"

"எவனோடதாவது இருக்கும்."

அவள் குனிந்து அவன் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். செருப்பு வரவில்லை. பெட்டியிலிருந்த ஆணி செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்குள் ஏறியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சளக்கென்று ஆணியோடு வந்தது. ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்தது. அவன் சுவரில் சாய்ந்து பொட்டலத் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"வலிக்கலையா?"

"எது?"

இத்தனை வருடங்களில் அவன் மேல் அவள் எத்தனையோ பேருடைய ரத்தத்தைப் பார்த்துக் கழுவியிருக்கிறாள். பயந்ததில்லை. அந்த "எது" என்ற சொல்லுக்குப் பயந்தாள்.

அவன் மருத்துவமனைக்கு வர மறுத்தான். பாதம் வீங்கி, விரல்கள் கறுத்து, அறைக்குள் அழுகிய நாற்றம் எழுந்த பிறகுதான் அவளும் அவள் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுபோனார்கள். பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் வெட்டி எடுத்தார்கள்.

மருத்துவர் நடுவயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "உங்களுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகியிருக்கும். கால் நரம்பு செத்துக்கிட்டிருக்கு. இப்படியே தின்னுட்டு இருந்தா அடுத்தது பாதம். அதுக்கப்புறம் முழங்கால்."

"வெட்டுறதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?" என்று கத்தி, நல்ல காலால் கத்தரியும் இடுக்கியும் வைத்திருந்த தட்டை உதைத்தான். எல்லாம் தரையில் சிதறின. செவிலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மருத்துவர் அசையவில்லை. "தட்டை எடுத்து வைக்க இங்க ஆள் இருக்காங்க. காலை எடுத்துட்டா திருப்பி வைக்க யாரும் இல்ல" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, மாத்திரையோடு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். சர்க்கரை, சோடா, பொரித்தது, பொட்டலத்தில் வருவது எதுவும் கூடாது. வெள்ளைச் சோற்றைக் குறைத்துத் தீட்டாத அரிசி, பயறு, கீரை, காய். தினம் நடக்க வேண்டும். தினம் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். சின்னக் கீறல் என்றாலும் அப்போதே கழுவ வேண்டும்.

வீட்டில் முதல் நாள் அவள் வைத்தது வேகவைத்த பயறும் கீரையும் கைப்பிடிச் சோறும். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எவர்சில்வர் தட்டு அறையின் குறுக்கே பறந்தது. விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதிச் சுழன்று நின்றது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் அழவில்லை. துணியால் புருவத்தை அழுத்திக்கொண்டு தரையைத் துடைத்தாள். பானையில் மிச்சம் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டு மறுபடி அவன் முன்னால் வைத்தாள்.

"இதை எறிஞ்சா அவ்வளவா அடிபடாது. சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். வெட்கத்தில் சாப்பிட்டானா பசியில் சாப்பிட்டானா என்று அவனுக்கே தெரியாது.

அடுத்து வந்த நாட்கள் அந்த வீட்டுக்கு நரகம். சோடா இல்லாமல் அவனுக்கு மண்டை பிளந்தது. கை நடுங்கியது. அடுப்பை உதைத்தான். கதவை ஓங்கி அடைத்ததில் கீல் பிய்ந்து தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் அவன் ஒளித்து வைத்திருந்த சோடாப் பெட்டியை மனைவி ஒரு நாள் கண்டுபிடித்தாள். பின்கட்டுக்கு இழுத்துப்போய் ஒவ்வொரு பாட்டிலாகச் சுவரில் அடித்தாள். அவன் உறுமிக்கொண்டு வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளின் பக்கம் பாய்ந்தான்.

"கால்!" என்று அவள் அலறினாள்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அவளிடம் உடையாத பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அவன் கண்ணெதிரே அதையும் உடைத்தாள்.

அவள் தம்பியும் மண்டையின் கும்பலில்தான் மூட்டை தூக்கினான். வேலை வாங்கிக் கொடுத்ததே மண்டைதான். கொக்கி பிடிப்பது எப்படி, முதுகு வளைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்ததும் அவனே. காயம் ஓரளவு ஆறி மண்டை சந்தைக்குத் திரும்பியபோது, "அவர் வாயில என்ன போகுதுன்னு பாத்துக்கடா" என்று அக்கா தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு மதியம் கோஸ் மூட்டைகளுக்குப் பின்னால் மண்டை சோடாவும் கையுமாக அகப்பட்டான்.

"மாமா, கீழ வைங்க."

"போடா அந்தப் பக்கம்."

"அக்கா புருவத்துல தையல் போட்ட இடம் இன்னும் ஆறல. கீழ வைங்கன்னா வைங்க."

இளையவன் கையை வீசிப் பாட்டிலைத் தட்டிவிட்டான். சோடா நுரைத்துக்கொண்டு கொட்டியது. மண்டை யோசிக்கவில்லை. சட்டையைப் பிடித்தான், இழுத்தான், முட்டினான். மைத்துனன் முகத்தைத் திருப்பியதால் அடி தாடையில் விழுந்தது. இரண்டு இடத்தில் எலும்பு விட்டது. அவன் மல்லாந்து விழுந்தான். பல் ஒன்று சோடா நுரையில் மிதந்தது. தாடை கீழே இறங்கி ஒரு பக்கமாகத் தொங்க, அவன் ஏதோ சொல்ல முயன்று ரத்தமாகக் கக்கினான். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் கிட்டே வரவில்லை. எதிராளியை அடித்தால் கைதட்டுகிறவர்கள்தான் அவர்கள். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தம்பியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவள் நேராகச் சந்தைக்கு வந்தாள். தையல் கத்தரி இன்னும் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. உடைந்த பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் அவனை அடித்தாள். தோளில், முதுகில், காதோரத்தில். காது கிழிந்தது. பலகை இரண்டாக முறிகிற வரை அடித்தாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை.

"நீ சாவு" என்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா விரல் விரலா வெட்டிக் கொடுத்துக் கொஞ்சங்கொஞ்சமா சாகாத. ஒரேயடியா செத்துப் போ. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அவள் தம்பி இருந்த வாடகை அறைக்குத் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீம்புக்கு அவன் மறுபடி பழைய தீனிக்கே போனான். வீட்டில் கேட்க யாரும் இல்லை. ஒரு சாயங்காலம் சும்மா கண்ணாடியைத் தரையில் போட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தான். மிச்சமிருந்த விரல்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. விரலால் அழுத்தினான். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். இத்தனை காலமும் எதிரில் நிற்பவனைப் பார்த்தால் அவனுக்குக் கை பரபரக்கும். இங்கே அடிப்பதற்கு ஆளே இல்லை. சொந்தக் கால் சத்தம் போடாமல் செத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது ஒரு பூசணிக்காயும் ஒரு பை பயறும் எடுத்து வந்தான். அடுப்பு பற்ற வைப்பதைத் தவிரச் சமையலில் அவனுக்கு எதுவும் தெரியாது. மழுங்கிய கத்தி பூசணியின் தோலில் வழுக்கி அவன் கட்டைவிரலைச் சீவியது. இரண்டாவது தடவை உள்ளங்கையைக் கிழித்தது. ஆத்திரம் தலைக்கேறியது. கத்தியை வீசிவிட்டு, பூசணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கி, நெற்றியால் ஓங்கி முட்டினான். பூசணி பிளந்தது. விதையும் நாருமாக முகத்தில் வழிந்தது. நெற்றி புடைத்துக்கொண்டது. தலைமுடியில் விதை ஒட்டிக்கொண்டிருக்க அப்படியே நின்றவன், கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

பயறு வேகவே இல்லை. கூழாங்கல்லை மெல்வது போல மென்றான். பொறுக்க முடியாமல் சுவரில் குத்தி, "பயறு ஏன் வேக மாட்டேங்குது?" என்று கத்தினான். அடுத்த வீட்டுக்காரி கதவைத் திறக்காமலே பயந்த குரலில் கத்தினாள்: "முந்தின நாளே ஊற வைக்கணும்!"

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"யாரு கேட்டா?"

ஊற வைத்தான். வெந்தது. உப்பும் வெங்காயமும் போட்டால் தின்ன முடிந்தது. கீரையைக் கழுவாமல் போட்டு மண்ணைக் கடித்தான், பிறகு கழுவிப் போட்டான். தீட்டாத அரிசிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும் என்பதைப் பானையைத் தீய்த்துத்தான் தெரிந்துகொண்டான். விடிந்ததும் சந்தையின் வெளிச்சுவரைச் சுற்றி நொண்டிக்கொண்டே நடந்தான். கறுப்புப் புள்ளியை மருத்துவரிடம் காட்டினான். அவர் சுரண்டிச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். பிறகு அது பரவவில்லை. கால்சட்டைப் பையில் ஒரு துண்டுச் சோப்பு வைத்துக்கொள்ளத் தொடங்கினான். வீட்டுக்கு வந்தாலும் சந்தையிலிருந்தாலும் காலைக் கழுவிப் பார்க்காமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது.

உச்சிப் பொழுதில் கை நடுங்கிக் கண்ணில் பூச்சி பறக்கிற அந்தப் பசி குறைந்தது. அந்த நேரத்தில்தான் எப்போதும் யாரையாவது முட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு மெல்லத் தோன்றியது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது அங்கேயேதான் இருந்தது. முன்னைப் போல அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடவில்லை.

மைத்துனனுக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வாய் திறக்காது. நீர்க்கஞ்சி மாதிரி எதையாவது பல்லிடுக்கு வழியாக உறிஞ்சத்தான் முடியும். மண்டை பயறைக் குழைய வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டி, மூடி போட்ட பாத்திரத்தில் அந்த வாடகை அறைக்கு எடுத்துப் போனான். அக்கா ஆலைக்குப் போயிருந்த நேரம். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாத்திரத்தை வாங்கினான், மூடியைத் திறந்தான், கொதிக்கக் கொதிக்க மண்டையின் நெஞ்சில் விசிறினான். தோல் வெந்து கொப்பளித்தது. கம்பி கட்டிய பற்களுக்கு நடுவே அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மண்டை பாத்திரத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். மறுநாளும் போனான். உள்ளே போகாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தான். சில நாள் அது அப்படியே பூஞ்சை பிடித்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவியது யாரென்று அவன் கேட்கவில்லை.

மண்டை இளைத்துவிட்டான், நொண்டுகிறான், தழை தின்கிறான் என்ற செய்தி ஊசிக்கு இனித்தது. கேரட் லாரி ஒன்று வெங்காய வரிசைக்குள் நுழைந்த மதியம், ஊசி தன் ஆட்களோடு வந்து குறுக்கே நின்றான்.

"விரல் போனவனுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய வரிசை?"

சொல்லிக்கொண்டே குனிந்து கொக்கியை வீசினான். குறி வைத்தது மண்டையின் வெட்டுப்பட்ட பாதத்தை. கொக்கி செருப்பைக் கிழித்து, மேல்பாதச் சதையில் மாட்டி இழுத்தது. மண்டை விழுந்தான். மூன்று பேர் அவன் மேல் ஏறி மிதித்தார்கள். ஒருவன் இடுப்பில் உதைக்க, இன்னொருவன் எடைக்கல்லால் தோளில் இடித்தான். அவனுடைய ஆட்களும் பாய்ந்தார்கள். லாரியின் பக்கப் பலகை உடைந்து கேரட் தெருவெல்லாம் உருண்டது. யாரோ ஒருவனின் காது பாதி அறுந்து தொங்கியது. மண்டை உருண்டு எழுந்து ஊசியின் கழுத்தைப் பிடித்தான். வெங்காய மூட்டைகளின் மேல் அவனைச் சாய்த்து, இரண்டு கட்டைவிரலையும் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினான். ஊசியின் முகம் சிவந்து, கறுத்து, நீலமாயிற்று. நாக்கு வெளியே வந்தது. குதிகால்கள் மூட்டையில் படபடவென்று அடித்துக்கொண்டன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

அப்போது மண்டை கீழே பார்த்தான். கிழிந்த செருப்புக்குள்ளிருந்து ரத்தம் வழிந்து, அழுகின வெங்காயச் சாற்றோடு சாக்கடைத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. அவன் கால் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது.

கையை எடுத்தான்.

"இருடா, காலைக் கழுவணும்" என்றான்.

ஊசி மூட்டை மேலிருந்து சரிந்து விழுந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டான். மண்டை சண்டைக்கு முதுகைக் காட்டி, நொண்டிக்கொண்டே குழாயடிக்குப் போனான். திண்டில் உட்கார்ந்து, பையிலிருந்த சோப்பை எடுத்து, காயத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். ஊசியின் ஆள் ஒருவன் கொக்கியை ஓங்கியபடி பின்னாலேயே ஓடி வந்தான். குனிந்த முதுகு, கழுத்து எல்லாம் அவனுக்கு எதிரே வசதியாக இருந்தன. அவன் ஓங்கிய கை ஓங்கினபடி நின்றான்.

"யோவ், சண்டை அங்க நடக்குது."

"நீங்க போடுங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கொக்கியைத் தாழ்த்தினான். போய்விட்டான்.

அன்று வெங்காய வரிசையில் பாதி ஊசியின் கைக்குப் போனது. மண்டை என்ற பெயரும் போனது. கால் கழுவப் போனவன் என்று வைத்து, அதில் உள்ள இன்னொரு அர்த்தத்தைச் சொல்லிச் சொல்லிச் சந்தையே வயிறு வலிக்கச் சிரித்தது. பயத்தில் வயிறு கலங்கி ஓடிவிட்டானாம். அவனுடைய ஆட்களில் சிலர் முகத்துக்கு நேரே காறித் துப்பிவிட்டு ஊசியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவன் துடைத்துக்கொண்டான். இரண்டு மூன்று தடவை நெற்றி தினவெடுத்தது. அப்போதெல்லாம் வெளிச்சுவரைச் சுற்றி நடந்தான்.

மருத்துவர் காயத்தின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "சதை சிவப்பா இருக்கு, நல்லது. போன தடவை இருந்த சர்க்கரையோட இது வந்திருந்தா கணுக்காலோட எடுத்திருப்பேன்" என்றார். ஆறுவதற்கு நாளானது. ஆனால் ஆறியது.

அவன் இன்னும் மருத்துவமனையில் படுத்திருந்தபோதே செய்தி கேட்டு மனைவி வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"ஊசியக் கொல்லாம விட்டுட்டு வந்தியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"கால் சாக்கடையில இருந்துச்சு."

அவள் குனிந்து காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். அவள் புருவத்தில் முடி முளைக்காத வெள்ளைக் கோடு தெரிந்தது. "நான் வர்றதா இருந்தா தம்பியும் நம்மகூடத்தான் இருப்பான். அவன் மேல கை பட்டுச்சு, நானே உன்ன முடிச்சிருவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னது போல இல்லை. அவன் தலையாட்டினான். அவள் அதன் பிறகு அவனை நீங்க என்று சொல்லவே இல்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது அவன் மூட்டை தூக்குவதில்லை, மிச்சமிருக்கும் பாதி வரிசையில் காய் தரம் பிரிக்கிறான். நல்ல கீரை எது, முற்றின பீன்ஸ் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். சாயங்காலச் சமையல் அவனுடையது. மூவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மைத்துனனின் தாடை கோணலாகத்தான் ஒட்டியது. மசித்ததையே எத்தனை நாள் தின்பது என்று அவனும் இவர்கள் தின்பதையே தட்டில் போட்டுக்கொள்கிறான். தீட்டாத சோறும் முழுப் பயறும் மெல்லுவதற்கு எளிதில்லை. ஒரு பக்கப் பல்லால் மட்டும் மெல்லுவான். ஒவ்வொரு தடவையும் காதுக்குக் கீழே எலும்பு கடக் கடக்கென்று சத்தம் போடும். மண்டையிடம் அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மண்டை தன் தட்டைக் காலி செய்து வெகு நேரம் ஆனாலும் எழுந்திருப்பதில்லை. கை காய்ந்துபோக, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, மைத்துனன் கடைசிக் கவளத்தை மென்று விழுங்குகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.